எர்ணாவூரில் சிக்கிய ஸ்ட்ராபெரிச் செடிகள்

அழுகக்கூடிய சரக்கை மற்ற எல்லாச் சரக்குக்கும் முன்னதாகப் பரிசீலித்து விடுவிக்க வேண்டும். இது என் ஆசையல்ல, விதி. சரக்கு நிலையங்களில் இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். எர்ணாவூர் தாண்டி, கண்டெய்னர்கள் மாடி மாடியாக அடுக்கிய ஒரு தனியார் நிலையத்திலும் மாட்டியிருந்தார்கள். அந்தச் சட்டம் தொங்கிய சுவருக்கு அப்பால், ஓர் அட்டைப் பெட்டிக்குள், என் ஸ்ட்ராபெரிச் செடிகள் ஆறு நாட்களாக வாடிக்கொண்டிருந்தன.

நாற்பத்தெட்டு செடிகள். கோத்தகிரியில் என் வீட்டுக்குப் பின்னால் ஒன்பது வருடம் பாடுபட்டு உண்டாக்கிய புது ரகம். அதைப் பதிவு செய்ய வேண்டுமானால், இமயமலை அடிவாரத்தில் இருக்கும் சோதனை நிலையத்துக்குச் செடிகளை அனுப்ப வேண்டும். மற்ற ரகங்களின் பக்கத்தில் நட்டு, இது உண்மையிலேயே வேறு ரகம்தானா, எல்லாச் செடியும் ஒன்றுபோல இருக்கிறதா, அடுத்த தலைமுறையிலும் குணம் மாறாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அவர்கள் கேட்டது முப்பது. நான் அனுப்பியது நாற்பத்தெட்டு. எதற்கும் நகல் எடுத்து வைப்பது என் வழக்கம். வீட்டிலும் நாற்பது செடிகளை நிறுத்திவைத்திருந்தேன். பெட்டி புறப்பட்ட நான்காம் நாள் ஒரு காட்டெருமை வேலியை முறித்துக்கொண்டு வந்து அந்த நகலைப் பைசல் செய்துவிட்டது. ஆக, உலகத்தில் அந்த ரகம் மிச்சமிருந்த ஒரே இடம் எர்ணாவூர்.

கோயம்புத்தூரிலிருந்து வடக்கே போக வேண்டிய பெட்டி ஏன் கிழக்கே கடற்கரைக்கு வந்தது என்று கூரியர் நிறுவனத்திடம் தொலைபேசியில் கேட்டேன். "உங்க சரக்கு பத்திரமா இருக்கு மேடம்" என்றார்கள். பத்திரமாக இருப்பது வேறு, உயிரோடு இருப்பது வேறு. விதிகளின் நகலை ஒரு பையிலும் மாற்றுப் புடவைகளை இன்னொரு பையிலும் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மேட்டுப்பாளையத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் எனக்கு வெளிநாடுதான்.

திங்கட்கிழமை காலை ராயபுரத்தில் ஒரு லாட்ஜில் இறங்கினேன். குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. வாய் கொப்பளித்தால் கடல் வந்தது. தெருமுனைக் கடையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். வடகறி பிரமாதம். தேநீரைப் பற்றி, தேயிலை விளையும் ஊரிலிருந்து வந்தவள் என்ற முறையில், கருத்துக் கூறாமல் இருப்பதே மரியாதை.

மெட்ரோவில் விம்கோ நகர் வரை போய்ச் சேர்ந்தது இருபது நிமிடம். அங்கிருந்து மிச்ச தூரம் போனது ஒன்றரை மணி நேரம். ஷேர் ஆட்டோ ஒரு டிரெய்லருக்குப் பின்னால் நின்றது. அந்த டிரெய்லர் இன்னொன்றின் பின்னால் நின்றது. அப்படியே துறைமுகம் வரைக்கும் நிற்பதாக ஓட்டுநர் பெருமையோடு சொன்னார். எங்கள் ஊர்க் கொண்டைஊசி வளைவில் ஒரு பேருந்து நின்றால் செய்தித்தாளில் வரும். இங்கே டிரெய்லர்கள் நகர்ந்தால்தான் செய்தி. இறங்கி நடந்தேன். வெயில் தலையில் ஏற ஏற, பெட்டிக்குள் இப்போது எத்தனை டிகிரி இருக்கும் என்ற கணக்கு மனத்தில் ஓடியது. ஸ்ட்ராபெரி வேருக்கு முப்பதே அதிகம்.

நிலையத்தின் ஆவணப் பிரிவில் குமரேசன் என்பவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா. அவரைப் பார்த்ததும் பயந்தேன். மூன்று பேனா வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன்.

"இது எக்ஸ்போர்ட் சரக்கு மேடம்."

"இது இமயமலைக்குப் போகிற சரக்கு."

"எந்தக் கப்பல்ல?"

"இமயமலைக்குக் கப்பல் கிடையாது."

"அது எனக்கும் தெரியும் மேடம். ஆனா பேப்பர் அப்படிச் சொல்லுதே" என்று கோப்பைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார்.

பெட்டியோடு நான் இணைத்திருந்த காகிதங்கள். எல்லாம் என் கையெழுத்து. இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று வரிசையாகப் போய், இணைப்பு ஏழில் அவர் விரல் நின்றது. தாவர நலச் சான்றிதழ். செடியில் நோயோ பூச்சியோ இல்லை என்று சொல்லும் காகிதம். கடல் தாண்டும் செடிகளுக்கு மட்டும்தான் அது வேண்டும். உள்நாட்டுப் பெட்டிக்குத் தேவையே இல்லை. யாரும் கேட்கவுமில்லை. 'இருந்தால் நல்லதுதானே' என்று, என்னிடம் வேலை பழகிய ஓர் அதிகாரியிடம் சொல்லி வாங்கி, நானே நூலால் கோத்து வைத்தது. அதைப் பார்த்த யாரோ, இது வெளிநாடு போகிறது போலிருக்கிறது என்று துறைமுகப் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

தோட்டக்கலைத் துறையில் முப்பத்துநான்கு வருடம் இருந்தேன். கடைசிப் பதினொரு வருடம் சான்றளிப்புப் பிரிவில். குறைந்த காகிதத்தால் கெட்ட காரியங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதிகக் காகிதத்தால் கெட்டதை அன்றுதான் பார்த்தேன்.

"சரி, தவறு. ரத்து செய்துவிடுங்கள்."

"ரத்து பண்ணணும்னா ஏற்றுமதி மனு இருக்கணும். உங்க பேர்ல மனுவே இல்ல. போடாத மனுவ எப்படி மேடம் ரத்து பண்றது?"

இந்தப் பதிலையும் நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேட்கும்போதுதான் அதன் அழகு தெரிகிறது.

கடைசியில் அவரே வழி சொன்னார். 'தவறுதலாக வந்த சரக்கு, திரும்ப எடுத்துக்கொள்கிறோம்' என்று கூரியர் நிறுவனம் கடிதம் தர வேண்டும். அதில் நிலைய மேலாளர் கையெழுத்திட வேண்டும். மேலாளர் வியாழக்கிழமைதான் வருவார். பெட்டியைப் பார்க்கலாமா என்றேன். கடிதம் வந்த பிறகு பார்க்கலாம் என்றார். சட்டம் மாட்டிய சுவரைக் காட்டினேன். திரும்பி, முதல்முறை பார்ப்பவரைப் போல முழுக்கப் படித்துவிட்டு, "நல்ல ரூல்தான் மேடம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை கடலோரச் சாலை வழியாகப் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். காசிமேட்டில் ஒரு பெண் மீன்கூடையோடு ஏறி, கூடையை என் காலின் மேல் வைத்தார். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் பெரிய பொட்டு, இடுப்பில் சுருக்குப்பை. பெயர் தேசம்மா. ஏலத்தில் மீன் எடுத்துத் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் உட்கார்ந்து விற்பவர். இதெல்லாம் பிறகு தெரிந்தது. முதலில் அவர் கேட்டது இதுதான்:

"இன்னா டீச்சரம்மா, மூஞ்சி இப்டி கீது? வூட்ல யாருனா பூட்டாங்களா?"

கண்ணாடியும் கோப்பும் இருந்தால் டீச்சர். திருத்த முயலவில்லை. "இன்னும் இல்லை. நாற்பத்தெட்டு பேர் கவலைக்கிடம்" என்றேன்.

அவர் பதறிப்போனார். அதனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"பழமா?"

"பழம் இல்லை, செடி."

"பழமே இல்லியா? வெறும் தழையா? தழைக்கா நீ மலைலேர்ந்து எறங்கி வந்துகினு கீற?" என்று ஆட்டோ முழுக்கக் கேட்கச் சிரித்தார். முன்சீட்டில் இருந்தவர் திரும்பி, "கொத்தமல்லியாம்மா?" என்றார்.

கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் விளக்குவேன். முதல் நாளிலிருந்து சொன்னேன். எஸ்டேட் பங்களாக்களின் ஓரத்தில் தானாகப் படர்ந்து கிடக்கும் சிறு பழ வகை ஒன்று உண்டு. அறை முழுக்க மணக்கும், பறித்த மாலையே கூழாகிவிடும். அதுதான் தாய். நாற்றுப் பண்ணையில் விற்கும் பெரிய பழ வகை தகப்பன். கோவை வரை குலுங்காமல் போய்ச் சேரும், ஆனால் வாயில் போட்டால் வெள்ளரிக்காய் இல்லை என்று நிரூபிக்கச் சான்றிதழ் வேண்டும். தாய்ப்பூ மலர்வதற்கு முன்பே அதன் மகரந்தப் பைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தகப்பன் பூவின் தூளைத் தூரிகையால் தடவி, காகித உறை போட்டு மூடினேன். பழத்தின் தோலிலிருந்து விதைகளைச் சுரண்டி விதைத்தேன். அறுநூறுக்கு மேல் நாற்றுகள். விதையிலிருந்து வரும் ஸ்ட்ராபெரி ஒரு வீட்டுப் பிள்ளைகளைப் போல, ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். ஐந்து வருடம் கழித்துக் கழித்து, கடைசியில் இரண்டாம் பாத்தியின் பதினான்காம் செடி மட்டும் நின்றது.

"அறநூறுல ஒண்ணா?" என்றார் தேசம்மா. சிரிப்பு நின்றிருந்தது. "ஏலத்துல கூட இவ்ளோ கழிக்க மாட்டாங்கோ. அது அப்டி இன்னா ஒசத்தி?"

அதைச் சொல்வதற்கு எனக்கு ஆட்டோ போதாது. வெட்டினால் நடு மையம் வரை சிவப்பு. உள்ளே பொந்து கிடையாது. தலையிலுள்ள பச்சை இதழ்கள் பழத்தோடு ஒட்டாமல் மேலே மடிந்திருக்கும், ஒரு திருகில் சுத்தமாகக் கழன்றுவிடும். தோலிலுள்ள விதைகள் குழிக்குள் அமிழாமல் சற்றே துருத்தி நிற்கும்; பழங்கள் ஒன்றோடொன்று உரசினால் விதைகள்தான் உரசும், தோல் கிழியாது. அதனால் மூன்று நாள் வெளியே வைத்தாலும் கெடாது. மணம் தாயுடையது. அந்தச் செடி விடும் ஓடுதண்டுகளின் நுனியில் வேர் பிடிக்கும் கன்றுகள் எல்லாம் அதே குணம்; அந்தக் கன்றுகள்தான் பெட்டியில்.

தேசம்மா சற்று யோசித்தார். "மீனே நாலு நாளு தாங்குது. தழை தாங்காதா? ஐஸு வெச்சியா?"

வைக்கவில்லை. பையில் பதினேழு பக்க விதிகள் இருந்தன. ஐஸ் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"ஐய, படிச்சவங்கோ!" என்று சொல்லிவிட்டு, ஆட்டோவை நிறுத்தி, ஓரத்தில் இருந்த மீன்கடையில் தெரிந்தவரிடம் ஒரு தெர்மாகோல் பெட்டியும் உடைத்த ஐஸும் வாங்கிக்கொண்டார். தேரடியில் இறங்க வேண்டியவர் என்னோடு எர்ணாவூர் வரை வந்தார். கேட்டால், "எனுக்கும் அந்த ஒண்ணப் பாக்கணும்" என்றார்.

குமரேசனிடம் நான் இந்தமுறை கெஞ்சவில்லை. சரக்கு கெடும் நிலையில் இருந்தால் உரிமையாளர் நிலைய அலுவலர் முன்னிலையில் அதைப் பிரித்துக் கட்டலாம் என்று ஒரு விதி உண்டு. வெளியே எடுத்துப் போகத்தான் தடை. அவர் மேசையிலேயே உட்கார்ந்து, கார்பன் வைத்து, மூன்று பிரதி மனு எழுதினேன். படித்ததும் அவர் முகம் தெளிந்தது. "இப்படி எழுத்துல கொடுத்துட்டா நான் தடுக்க முடியாது மேடம்." தடுக்க அவருக்கும் மனம் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பெட்டியைத் திறக்கும்போது நான் முடிச்சு முடிச்சாகத் தேடியதைத் தேசம்மா பார்த்துவிட்டு, கத்தியைப் பிடுங்கித் தானே கட்டை அறுத்தார். உள்ளிருந்து ஈரத் துணியைப் பூட்டி வைத்தது போன்ற வாடை வந்தது. இலைகள் பழுத்து ஒட்டிக்கிடந்தன. இலை போனால் போகட்டும், நடுவிலுள்ள குருத்து பச்சையாக இருந்தால் செடி இருக்கிறது. ஒவ்வொன்றாக நகத்தால் விலக்கிப் பார்த்தேன். நான்கு செடிகளின் குருத்து கறுத்திருந்தது. நாற்பத்துநான்கு பச்சை.

ஆறாறாகக் கட்டி, வேரைச் சுற்றிப் பாசியை நனைத்துப் பொதிந்து, தெர்மாகோல் பெட்டியின் அடியில் ஐஸ், மேலே இரண்டு மடிப்புச் சாக்கு, அதன் மேல் செடிகள் என்று வைத்தோம். "வேரில் ஐஸ் படக்கூடாது. உறைந்தால் செத்துவிடும்" என்றேன். "தெரியும் தெரியும்" என்றார். தெரியும் என்று இரண்டு தடவை சொல்பவர்களை நான் நம்பியதில்லை. ஆனால் அந்தக் கைகள் சாக்கை மடித்த வேகத்தைப் பார்த்ததும் நம்பத் தோன்றியது.

மதியம் தேரடியில் அவர் கடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, பக்கத்துக் கடைக்காரி கொண்டுவந்த சோறும் நெத்திலி வறுவலும் சாப்பிட்டேன். எங்கள் மலையில் மீன் என்பது வாரச்சந்தைக்கு மூன்று நாள் பயணம் செய்து வரும் களைத்த விருந்தாளி. இந்த நெத்திலி அன்று காலை வரை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நன்றாகச் சாப்பிட்டேன். பயத்தில் எனக்குப் பசிக்கும்.

"நாளிக்கு நீ கம்பெனிக்குப் போய் லெட்டர் வாங்கு. ஐஸு நான் வெச்சிட்டுப் போறேன். சொம்மா நெனச்சிகினு குந்தாத" என்றார் தேசம்மா.

புதன்கிழமை முழுவதும் தண்டையார்பேட்டையில், கூரியர் நிறுவனத்தின் கிடங்கு அலுவலகத்தில் போயிற்று. முதல் கடிதத்தில் 'நாற்பத்தெட்டு கிலோ கீரை' என்று இருந்தது. இரண்டாவதில் செடி சரியாக இருந்தது, எர்ணாவூர் இல்லை. மூன்றாவது கடிதத்தை நானே சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தார்கள். நடுவில் மின்சாரம் போய் வந்தது. மணி நான்கு. கடிதத்தோடு வெளியே வந்தால், சாலை அசையவில்லை. ஆட்டோவுக்கு இரு பக்கமும் டிரெய்லர்கள். வலப்பக்க ஓட்டுநர் இடப்பக்க ஓட்டுநரிடம் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்: "எட்டு மணி நேரமாக இதே வண்டிக்குப் பின்னால் நிற்கிறேன். என் பெண்டாட்டி முகத்தைவிட இந்த நம்பர் பலகைதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது." மற்றவர், "பலகை திருப்பித் திட்டாதே, அதற்குச் சந்தோஷப்படு" என்றார்.

குமரேசனைத் தொலைபேசியில் அழைத்தேன். "அந்தம்மா வந்து ஐஸ் வெச்சிட்டுப் போய்ட்டாங்க மேடம். மேலயும் கீழயும் நல்லா நெறைய வெச்சாங்க" என்றார். மேலே என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. நல்லது செய்கிறவர்கள் நிறையச் செய்யும்போது எனக்குக் கலவரம் வந்துவிடுகிறது. இணைப்பு ஏழு ஞாபகம்.

வியாழக்கிழமை காலை இருவரும் சேர்ந்தே போனோம். தேசம்மா மூடியைத் திறந்து காட்டினார். "பாத்தியா? நேத்து வெச்ச ஐஸு. இன்னும் எப்டி சில்லுனு கீது!"

வெறும் ஐஸ் இவ்வளவு குளிரக் கூடாது. ஓரத்தில் தேங்கிய தண்ணீரில் விரல் விறைத்தது. ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தேன்.

"உப்பு போட்டீர்களா?"

"போடாம? ஐஸு நல்லா சில்லுனு ஆவணும்னா உப்பு போட்டாவணும். தூரம் போற மீனுக்கு அப்டிதான் வெப்போம். இதுவும் தூரம் போறதுதான?"

அவர் கற்ற தொழிலில் அது சரி. விற்கிற மீனுக்குக் கூட எல்லோரும் உப்பு வீணாக்க மாட்டார்கள். உசத்தியான சரக்குக்குத்தான் போடுவார்களாம். என் தழையை அவர் உசத்தியில் சேர்த்திருந்தார். ஆனால் உப்பென்றால் முதலில் சாகிற தோட்டப் பயிர்களில் ஒன்று ஸ்ட்ராபெரி. கரைந்த உப்புத் தண்ணீர் சாக்கின் வழியே இறங்கி, அடியிலிருந்த கட்டுகளின் பாசியில் ஊறியிருந்தது. மேலே ஐஸ் தொட்ட இலைகள் கண்ணாடி போலாகியிருந்தன. கட்டுகளை வெளியே இழுத்துப் பிரித்தேன்.

"இன்னா டீச்சரம்மா? இன்னா ஆச்சு? நான் கொன்னுட்டேனா?"

"கழுவ வேண்டும். இப்போதே. நிறையத் தண்ணீர்."

குமரேசன் முற்றத்துக் குழாயைத் திறந்துவிட்டார். அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்தேன், அதுவும் உப்பு. அந்தப் பக்கம் நிலத்தடியே அப்படித்தான். உப்பை உப்பால் கழுவ முடியாது. நல்ல தண்ணீருக்குக் கடை முக்கால் மைல்.

தேசம்மா வாசலுக்கு ஓடினார். வரிசையில் நின்ற முதல் டிரெய்லரின் கதவைக் கையால் அடித்தார். "நைனா! கேன் தண்ணி கீதா? உசுரு போற கேஸு!" ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரலுக்கு மொழி தேவைப்படவில்லை. அவர் இருக்கைக்குப் பின்னாலிருந்து இருபது லிட்டர் கேனை இறக்கினார். அடுத்த வண்டி, அதற்கடுத்த வண்டி. மனிதர் யாரோ மயங்கிக் கிடப்பதாக நினைத்து ஓடிவந்தவர்கள், நாங்கள் சுற்றி உட்கார்ந்து புல் மாதிரி எதையோ அலசுவதைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். ஒருவர் எனக்குத் தெரியாத மொழியில் முணுமுணுத்தார், குமரேசன் எனக்கு மொழிபெயர்த்தார்: "மூணு நாளா க்யூல நிக்கறோம், நம்மள யாரும் குளிப்பாட்டல."

பாசியை உதறி, வேரை விரித்து, கேன் தண்ணீரில் ஒன்று மாற்றி ஒன்றாக அலசினோம். ஆறு கேன். பிறகு எண்ணினேன். பதினொன்று போய்விட்டது. குருத்து பச்சையாக இருந்தவை முப்பத்துமூன்று. கேட்டது முப்பது. அதில் எத்தனை வேருக்குள் உப்பு ஏறியிருக்கிறது என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும்.

மேலாளர் பன்னிரண்டு மணிக்கு வந்து, கடிதத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டார். நான்கு நாள் காத்திருந்த கையெழுத்துக்கு நான்கு விநாடி. பெட்டியை வேறொரு நிறுவனத்தின் விமானச் சரக்கில் அன்று மாலையே அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. புதுப் பாசி, புது அட்டைப் பெட்டி. மூடுவதற்கு முன் ஒரு காகிதம் பாக்கி.

சோதனை நிலையத்துக்கு உறுதிமொழி ஒன்று தர வேண்டும். செடியின் குணத்தை மாற்றக்கூடிய மருந்து, உப்பு, கடுங்குளிர் எதற்கும் இந்தச் செடிகள் ஆட்படவில்லை என்று. கோத்தகிரியில் கையெழுத்திட்டு உள்ளே வைத்திருந்தேன். அன்று அது உண்மை. இப்போது மூன்றில் இரண்டு பொய். உப்பு பட்ட செடி வழக்கத்தைவிடச் சிறுத்து வளரலாம்; அதை வைத்து 'இந்த ரகம் குட்டையானது' என்று அவர்கள் எழுதிவிட்டால், பதிவேட்டில் என் ரகத்துக்கு வேறொரு செடியின் முகம் ஏறிவிடும். உண்மையை எழுதினாலோ, பெட்டியை அப்படியே நிராகரிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. திரும்ப அனுப்ப என்னிடம் வேறு செடி இல்லை.

"மேடம், நான் எதையும் பாக்கல" என்றார் குமரேசன், சுவரைப் பார்த்தபடி.

கேட்காத காகிதத்தை இணைத்துத்தான் இத்தனையும் நடந்தது. இன்னொரு காகிதம் எழுதப் பேனாவை எடுக்கவே பயமாக இருந்தது. தேசம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். எழுதாதே என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அப்படி யாராவது சொன்னால் சாய்ந்துகொள்ளலாம் என்றும் இருந்தது.

அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "எழுதலேன்னா, அது சரியா வளரலேன்னா, செடிதான் சரியில்லன்னு சொல்லுவாங்களா?"

"ஆமாம்."

"அப்போ எழுது. என் பேரப் போட்டு எழுது. உப்பு போட்டது தேசம்மா, காசிமேடு. நீ போட்டேன்னு எழுதிக்கினு பெரிய மனுஷி ஆவாத. அறநூறுல ஒண்ணுன்னு சொன்ன. பாவம் அது இன்னா பண்ணும்?"

எழுதினேன். எத்தனை மணிக்கு ஐஸ், எவ்வளவு உப்பு, எத்தனை கேன் தண்ணீர், எத்தனை செடி செத்தது, யார் செய்தது, ஏன் செய்தது. ஒரு பக்கம். முதல்முறையாக ஒரே ஓர் இணைப்பு.

பெட்டி போய்ச் சேர்ந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. கோத்தகிரியில் வேலியைச் சரிசெய்தேன். வெறும் பாத்திகளுக்கு எதற்கு வேலி என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். டிசம்பரில் ஒரு நினைவூட்டல் எழுதினேன், பிப்ரவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. நான் பணியில் இருந்தபோது மூன்றாம் நினைவூட்டலுக்குத்தான் கோப்பைத் தேடவே ஆரம்பிப்போம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால் தூக்கம் கூடவில்லை. தேசம்மா ஞாயிறுதோறும் தொலைபேசியில் கூப்பிடுவார். "லெட்டர் வந்துச்சா?" இல்லை என்பேன். "வரும் வரும்" என்பார். இரண்டு தடவை.

வந்த பதிலில் ஐந்து வரிகள். பெறப்பட்ட முப்பத்துமூன்று செடிகளில் பத்தொன்பது பிழைத்துள்ளன. அனுப்புநரின் கடிதத்தில் கண்ட காரணத்தால் அவற்றைச் சோதனைக்கு ஏற்க இயலாது. கோடையில் அவை விட்ட ஓடுதண்டுகளிலிருந்து அறுபத்திரண்டு கன்றுகள் எடுக்கப்பட்டுள்ளன. உப்போ ஐஸோ படாத அந்தக் கன்றுகள் வரும் பருவச் சோதனைக்கு ஏற்கப்படுகின்றன. அனுப்புநர் விரும்பினால், மிகுதிக் கன்றுகள் திருப்பி அனுப்பப்படும்.

தேசம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஏலத்தின் இரைச்சலுக்கு நடுவே நின்றிருந்தார். இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. "அப்போ குட்டி போட்டுச்சா?" என்றார். போட்டது என்றேன். பக்கத்திலிருந்த யாரிடமோ அதைக் கத்திச் சொன்னார். பிறகு, "திருப்பி அனுப்பச் சொல்லு. கப்பலுக்குப் போற அந்தக் கலீஜு பேப்பர ஒண்டி இந்தவாட்டி வெக்க வேணாம்னு சொல்லு" என்றார்.

பதில் வந்த உறையின் மேல், என் கைக்கு வந்த தேதியைக் குறித்துவைத்தேன்: ஜூலை ஆறு.